நான்காவது தட்டு

சுவர் முழுக்கக் கைகள். கைகளை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆட்களைக் காணோம். "இதுதாங்க மனுஷனோட ஃபர்ஸ்ட் கம்யூனிகேஷன், ஓகேவா?" என்று மேடையில் நிற்கிற நிரஞ்சன் திரையைக் காட்டுகிறான். ஏதோ ஒரு குகையாம், பல ஆயிரம் வருடத்துப் பழசாம், சுவரில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் செம்மண் சாயத்தை வாயால் ஊதியிருக்கிறார்களாம். ஓகேவா என்பது இதோடு பதினாறு. ஆசைப்பட்டு எண்ணவில்லை. எண்ணாவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன், அதற்காக எண்ணுகிறேன். பெங்களூரிலிருந்து வரவழைத்த பயிற்சியாளன், முப்பது வயதிருக்கும், காலரில் பொத்தானைப் போல ஒரு மைக், கையில் இன்னொரு மைக். ஒரு வாய்க்கு எதற்கு இரண்டு மைக் என்று பார்த்தால் கையில் இருப்பது எங்களுக்காம். கடைசியில் அது வரிசையாக வருமாம். ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயரைச் சொல்லி, இன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இது என்று ஒரு விஷயம் பேச வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து என் தொண்டையில் யாரோ பஞ்சை அடைத்துவிட்டார்கள். முப்பத்தாறு வருடம் ஸ்பின்னிங் மில்லில் மூக்கால் இழுத்த பஞ்சு போதாதென்று இது வேறு. கேண்டீனில் மதியச் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெஞ்சுகளை மட்டும் விட்டிருக்கிறார்கள், தள்ள முடியாததால் விட்டிருக்கிறார்கள். இந்த இரும்புப் பெஞ்சுகளை முன்னும் பின்னும் குழாய் வைத்துப் பற்றவைத்து ஒரே சட்டமாக ஆக்கினோம், நானும் ஒரு வெல்டரும், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆட்கள் பெஞ்சை இழுத்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்து பேசிவிடக் கூடாதென்று அப்போதிருந்த மேனேஜர் செய்யச் சொன்ன வேலை. பேசக் கூடாதென்று பற்றவைத்த பெஞ்சில் எங்களை உட்கார வைத்து, பேசுவது எப்படி என்று பாடம் நடக்கிறது.

அந்தக் கைகளில் ஒன்றுக்கு விரல் குறைகிறது. இடப்பக்கம், மேலேயிருந்து இரண்டாவது கை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் பாதியில் நின்றுவிடுகின்றன. நிரஞ்சன் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் படத்தைப் போட்டிருக்க மாட்டான். இல்லை, போட்டிருப்பான், எந்த ஊரிலும் இதே படத்தைத்தான் போடுவான், எந்த மில்லில் யாருக்கு எந்த விரல் போனது என்று பார்த்தா படம் போடுவார்கள். முதல் வரிசையில் ராதாமணி உட்கார்ந்திருக்கிறாள். வலதுகை வெள்ளைத் துணிச் சுற்றோடு மடியில் கிடக்கிறது, வேறு யாருடைய கைக்குழந்தையையோ கொஞ்ச நேரம் வைத்திரு என்று கொடுத்துவிட்டுப் போனதைப் போல. அவளும் அந்தக் கையைத்தான் பார்க்கிறாள், அவள் முதுகு அசையாமல் இருப்பதிலேயே தெரிகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் பஞ்சைச் சீவுகிற நான்காம் நம்பர் கார்டிங் மிஷின் அவளுடைய இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அதற்குத்தான் இந்த வகுப்பு. ஆராய்ந்து பார்த்தார்களாம், மிஷினில் கோளாறு இல்லையாம், சுவிட்சில் கோளாறு இல்லையாம், கம்யூனிகேஷனில்தான் ஒரு கேப் இருந்ததாம். எச்ஆர் லோகநாதன் அப்படித்தான் சொன்னார். கேப்பாம். அவ்வளவு பெரிய மில்லில் அந்தக் கேப்புக்குள் போய் விழ இரண்டு விரல்தான் கிடைத்தது.

படம் மாறுகிறது. முரசு, புறா, தபால்காரன், தந்தி, கறுப்புத் தொலைபேசி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓகேவா. மனிதன் எப்படியெல்லாம் முன்னேறி வந்திருக்கிறான் பாருங்கள் என்கிறான். புறாவாவது போன இடத்தில் ஆள் இருக்கிறானா என்று பார்த்து இறங்கும். கடைசிப் படம் கைபேசி, அதற்குள் மஞ்சளாய் ஒரு கட்டைவிரல். "இந்த ஒரே ஒரு தம்ஸ்அப்ல எவ்வளவு விஷயம் இருக்கு! பார்த்துட்டேன், புரிஞ்சுது, ஒத்துக்கறேன். மூணும் ஒரே செகண்ட்ல, ஓகேவா?" இருபத்திரண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பொன்னுசாமி, பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை, என் விலாவில் முழங்கையால் இடிக்கிறான். "ஏனுங்ணா, எங்கம்மா செத்தப்பக் கோட முப்பத்தியொரு பேர் இதையேதான் போட்டானுங்க. செத்ததப் பாத்துட்டேன், புரிஞ்சுது, ஒத்துக்கறேன்." நான் சிரிக்கவில்லை. அந்த முப்பத்தொன்றில் ஒன்று என்னுடையது. எதைப் போடுவதென்று தெரியாமல் எல்லோரும் போட்டதைப் போட்டேன். நேரில் போய் அவன் கையைப் பிடித்திருக்கலாம், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான், போகவும் செய்தேன், போய் அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எனக்கு அப்படித்தான். பெண் பார்க்கப் போனபோதும் என் அக்காதான் பேசினாள். மாப்பிள்ளை ஊமையோ என்று அவர்கள் வீட்டில் யாரோ அடுப்படியிலிருந்து கேட்டது எனக்கும் கேட்டது. யார் முகத்தையும் நேராகப் பார்த்தால் என் கண் தானாகவே அவர்கள் காதுக்குப் போய்விடும், அங்கிருந்து தோளுக்கு, அங்கிருந்து தரைக்கு. ஐ காண்டாக்ட் வேண்டுமாம், அதற்கும் ஒரு படம் வைத்திருக்கிறான், இரண்டு வெள்ளைக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு கை குலுக்குகிறார்கள்.

என் வாழ்நாளில் நான் மனிதர்களின் முகத்தைப் பார்த்தது ஒரே ஒரு சமயத்தில்தான், மூன்றாவது தட்டுக்கும் நான்காவது தட்டுக்கும் நடுவில். நிரஞ்சனுக்கு அது தெரியாது, அவன் படங்களில் அது இல்லை, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. கார்டிங் பகுதியில் மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் காதைக் கடித்துச் சொன்னாலும் கேட்காது. பழுது பார்க்க ஒரு மிஷினை நிறுத்தினால், அந்தச் சமயம் பார்த்து அடியில் சிக்கின பஞ்சை எடுக்க மூன்று பேர் கையை விடுவார்கள். சுவிட்ச் பெட்டி இருப்பது அந்தக் கோடியில், அங்கிருந்து இந்தப் பக்கத்துக் கை தெரியாது. அதனால் என்னைப் போல மிஷினைப் பழுது பார்க்கிற ஃபிட்டர், ஓட்டுவதற்கு முன்னால் மிஷின் சட்டத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். காதுக்காக இல்லை, இரும்புக்காக. மிஷினைத் தொட்டுக்கொண்டிருக்கிற கைக்கு அது இரும்பு வழியாகப் போய்ச் சேரும். சேர்ந்த உடனே எதைப் பிடித்திருந்தாலும் விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். ஃபிட்டர் சுற்றிவந்து ஒவ்வொரு கையையும் பார்ப்பான், கைக்குக் கீழே இருக்கிற முகத்தையும் பார்ப்பான். பார்த்து முடித்த பிறகு ஒரு தட்டு, நான்காவது. அது விழுந்தால்தான் கையை இறக்கலாம், அதற்குப் பிறகுதான் சுவிட்ச். யார் இதை ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் சேர்ந்தபோதே இருந்தது. உடம்பில் ஏறிவிட்ட பழக்கம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கம்பியில் மூன்று முறை தட்டினால் எங்கள் மில் ஆட்களில் பாதிப் பேர் பையைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குவார்கள், தூக்கியதும் தங்களையே திட்டிக்கொண்டு சிரிப்பார்கள். கண்டக்டருக்கு ஒன்றும் புரியாது. ராதாமணி ஒருமுறை கல்யாணப் பந்தியில் தூக்கினாள், சமையல்காரன் கரண்டியை அண்டா விளிம்பில் மூன்று முறை தட்டிவிட்டான். சோற்றுக் கையோடு அவள் நின்றதும் இலை வரிசையே சிரித்ததும், பிறகு அண்டாவைப் பார்த்துக்கொண்டு, "நாலாவதத் தட்டீட்டுப் போ சாமி, என்ற கை வலிக்குது" என்று அவள் சொன்னதும். அந்தக் கைதான். இல்லை, அப்போது தூக்கியது இரண்டு கையையும், அதில் ஒன்று.

போன ஆடியில் வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தார்கள். நான் தட்டினேன், ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாள் லோகநாதன் என்னைக் கூப்பிட்டு, "ஆறுக்குட்டிண்ணா, இரும்பை அடிக்கறதெல்லாம் காட்டுமிராண்டித்தனமா இருக்குங்ண்ணா. அதுவுமில்லாம எல்லாத்துக்கும் இப்ப ரெக்கார்டு கேக்கறாங்க. சத்தத்துக்கு ரெக்கார்டு ஏதுங்க?" என்றார். அவர் அறையில் குளிராக இருந்தது, நான் அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள், கார்டிங் குடும்பம் என்று பெயர். குடும்பமாம். எந்த மிஷினை நிறுத்தினாலும் ஓட்டினாலும் அதில் செய்தி போட வேண்டும், இனித் தட்டக் கூடாது. கூட்டத்தில் பொன்னுசாமி மட்டும் எழுந்து கேட்டான்: "சார், எங்க போனெல்லாம் கேட்டுல வாங்கி வெச்சுக்கறீங்க. ஃபிட்டரும் சூப்பர்வைசரும்தான் உள்ள கொண்டாரலாம். அப்பச் செய்தி யாருக்குங்க?" லோகநாதன் பொறுமையாகச் சிரித்தார். "உள்ள போன் கூடாதுங்கறது சேஃப்டி பாலிசிங்ண்ணா. செய்தி குரூப்புல போடணுங்கறது கம்யூனிகேஷன் பாலிசி. ரெண்டும் வேற வேற." எல்லோரும் தலையாட்டினார்கள். வேற வேறதான் என்று எனக்கு அடுத்திருந்தவன் எனக்கே விளக்கம் சொன்னான். மாடு கூட இப்படித் தலையாட்டாது, அதற்குக் காரணம் வேண்டும், ஈயாவது உட்கார வேண்டும். என் ஷிப்டில் நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்சம் மெதுவாக. இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அறுபது தாண்டியவனை வருடா வருடம் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள், வருகிற மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கிறவர் லோகநாதன். அது இருக்கட்டும். ராதாமணிக்கு விரல் போன அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. ஃபிட்டர் சந்தோஷ், நல்ல பையன், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன், அதுதான் அவனிடம் பயப்பட வேண்டிய விஷயம், நான்காம் நம்பரைச் சரி பண்ணிவிட்டு, சட்டத்தில் தட்டாமல், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நாலாம் நம்பர் ஸ்டார்ட் பண்றேன் என்று குரூப்பில் போட்டான். போட்டதும் சூப்பர்வைசர் அறையிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. சுவிட்சைப் போட்டான். கேட் வாட்ச்மேன் அப்புறம் என்னிடம் சொன்னார்: "போனெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற மரப்பொட்டி அந்நேரத்துக்கு மொத்தமா கிர்ருனு அதுந்துச்சுங்க. தேன்கூடாட்ட. என்னடா இதுன்னு நாங் கையை வெச்சுப் பாத்தேன்." கையை வைத்துப் பார்த்தாராம். செய்தி ஒரு கைக்குப் போய்ச் சேரத்தான் செய்திருக்கிறது, கை மட்டும்தான் மாறிவிட்டது.

விளையாட்டாம் இப்போது. ஒரு வாக்கியத்தை வரிசையின் முதல் ஆளின் காதில் சொல்வானாம், அது காதோடு காதாகப் போய்க் கடைசி ஆளிடம் எப்படி வருகிறது என்று பார்க்கலாமாம். எங்கள் வரிசையில் செய்தி எனக்கு வருகிறது, சனிக்கிழமை பராமரிப்பு வேலை இருக்கிறது எல்லோரும் சீக்கிரம் வர வேண்டும். நான் அப்படியே பொன்னுசாமிக்குத் தருகிறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி என்ன சொல்கிறானோ, அந்த வரிசையில் இருப்பவர்களின் தோள்கள் ஒவ்வொன்றாகக் குலுங்குகின்றன. கடைசியில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிறாள், "சனிக்கெழம லோகநாதன் சார் ஊட்ல எல்லாத்துக்கும் பிரியாணிங்க, சீக்கிரம் வரோணுமாங்க." கேண்டீன் முழுக்கச் சிரிப்பு. நிரஞ்சனுக்கு ஆனந்தம், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்கிறான், "பார்த்தீங்களா, வாய்வார்த்தை எப்படி மாறுதுன்னு! அதான் எழுத்துல இருக்கணும், ஓகேவா?" இருபத்தெட்டு. இவர்களும் கை தட்டுகிறார்கள். தங்களை முட்டாள் என்று ஒருவன் படம் போட்டு விளக்குகிறான், இவர்கள் கை தட்டுகிறார்கள். யாரைச் சொல்வது. நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். இரண்டோடு நிறுத்தினேன், மூன்றாவது வரை போகக் கூடாதென்று கை தானாக நின்றது.

லோகநாதன் மேடைக்கு வருகிறார். வாட்ச்மேன் இரண்டு காய்கறிப் பெட்டியில் எல்லோருடைய போனையும் அள்ளிக்கொண்டு வந்து வரிசை வரிசையாகக் கொடுக்கிறார். இன்றைக்கு மட்டும் அனுமதி. சேஃப்டி பாலிசிக்கு இன்றைக்கு லீவு. பெரிய திரையில் இப்போது குகை இல்லை, லோகநாதனின் போன் தெரிகிறது, கார்டிங் குடும்பம். அதில் ஒரு செய்தி இருக்கிறது, அவரே வாசிக்கிறார். நான்காம் எண் இயந்திரம் இயக்கப்படுவது குறித்து உரிய நேரத்தில் தகவல் கொடுக்கப்பட்டது. தொழிலாளி கவனிக்கவில்லை. இதை நாங்கள் அறிவோம். அவ்வளவுதான், மூன்றே வரி. "சைன் எல்லாம் வேண்டாங்க, பழைய காலம் மாதிரி. ஒரு தம்ஸ்அப் போட்டாப் போதும். செக்‌ஷன்ல நாப்பது பேரும் போட்டுட்டா நான் ஹெட் ஆபீசுக்கு அனுப்பீட்டு ஃபைலை மூடீருவேன். அஞ்சு மணிக்கு பஸ்ஸு, லேட் பண்ண வேண்டாம்." கொடுக்கப்பட்டது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, வாங்கினவர் யார். நான் ஏழாவது வரை படித்தவன். ஒரு பொருளைக் கொடுத்தேன் என்றால் வாங்கிக்கொள்ள எதிரே ஒரு கை இருக்க வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த விஷயம் இல்லை. கொடுக்கப்பட்டது. தொண்டையில் இருக்கிற பஞ்சுக்கு நடுவில் இந்த வார்த்தை வேறு ஒரு முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை. இது ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டால் ராதாமணிக்கு மில்லில் இடமில்லை. கவனக்குறைவுள்ள ஆளை எந்த மிஷினிலும் நிறுத்தக் கூடாது என்று இன்னொரு பாலிசி இருக்கிறது, அதுவும் வேற. காலையில் பஸ் நிறுத்தத்தில் அவளே என்னிடம் சொன்னாள். "நீங்களும் கட்டவெரலப் போட்டுருங்ணா. உங்குளுக்கெதுக்கு வம்பு, காண்ட்ராக்டு வேற வருது." நான் அவள் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்ததும், படியில் ஏறும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறத் தெரியாமல் தடுமாறி ஏறி, திரும்பாமலே சொன்னாள். "வெரலு போனது போவுட்டும். கவனிக்கலீன்னு எழுதறாங்க பாருங்க. இருவது வருசம் இரும்பையே கவனிச்சுட்டு இருந்தவ நானு. அது அன்னைக்கு ஒண்ணுஞ் சொல்லலீங்ணா."

நிரஞ்சன் ராதாமணியிடம் மைக்கை நீட்டுகிறான். முதலில் அவள் பேச வேண்டுமாம், அதுதான் எல்லோருக்கும் பாடமாக இருக்குமாம். அவள் இடது கையால் மைக்கை வாங்குகிறாள், அது வழுக்குகிறது. "என்னத்தச் சொல்றதுங்க?" மைக்கில் அவள் குரல் வேறு யாருடையதோ போல் கேட்கிறது. "உங்க லேர்னிங்க சொல்லுங்கக்கா. இந்த இன்சிடென்ட்ல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" "ஒண்ணுங் கத்துக்கலீங்க. கையை எடுன்னு யாருஞ் சொல்லலீங்க." லோகநாதன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நிரஞ்சன் தலையைச் சாய்த்து, குழந்தையிடம் பேசுவதுபோல், "அப்படி நெகட்டிவா வேண்டாம்க்கா. இனிமே கவனமா இருப்பேன், அப்படின்னு பாசிட்டிவா சொல்லுங்க, ஓகேவா?" என்கிறான். அவள் மைக்கைப் பார்க்கிறாள், திரையைப் பார்க்கிறாள், அதில் அவளைப் பற்றிய மூன்று வரியைப் பார்க்கிறாள். "இனிமே கவனமா இருக்கறனுங்க." கை தட்டல். ஓகேவாவை நான் எண்ண மறந்துவிட்டேன். முப்பதா, முப்பத்தொன்றா. எண்ணிக்கை விட்டுப் போனால் எனக்கு உடம்பு வியர்க்கும், வியர்க்கிறது. திரையில் கட்டைவிரல்கள் வர ஆரம்பித்துவிட்டன. சூப்பர்வைசர்கள் மூன்று பேர், பிறகு நான்கு, பிறகு ஆறு. மைக் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டது. பேர் சொல்கிறார்கள், நல்ல வகுப்பு என்கிறார்கள், நல்லா லிசன் பண்ணணும்னு கத்துக்கிட்டேன் என்கிறார்கள், உட்கார்ந்து மடியில் இருக்கிற போனை எடுக்கிறார்கள். ஏழு. எட்டு. என் வரிசைக்கு முன்னால் சந்தோஷ் எழுந்து நிற்கிறான். பேர் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறான், போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவன் கட்டைவிரல் திரையைத் தொடாமல் நிற்கிறது. ஒன்பது. "ஏனுங்ணா," என்கிறான் பொன்னுசாமி மெதுவாக, முதன்முறையாகச் சிரிப்பில்லாமல், "போட்டுரலாமா? என்னங்க பண்றது?" அவன் கையில் போன் இருக்கிறது. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது, எல்லாக் கட்டைவிரலும் வளைந்திருக்கிறது. முப்பது பேரின் கை ஒரே சமயத்தில் மிஷினுக்குள் இருக்கிறது.

மைக் வந்துவிட்டது. நிரஞ்சன் என் முகத்துக்கு நேராக நீட்டுகிறான், "ஐயா, நீங்க சொல்லுங்க." நான் எழுந்து நிற்கிறேன். சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன், மூன்று வாரமாக ஸ்பேனரைத் துடைக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன், லோகநாதன் சார், தகவல் யாருக்குப் போச்சுங்க, மரப்பொட்டிக்குப் போச்சுங்க. ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது, மைக்கில் அது புஸ் என்று கேட்கிறது, யாரோ சிரிக்கிறார்கள். வெட்கக்கேடு. இவனுடைய காது, இவனுடைய தோள், தரை. தரையில் பெஞ்சின் கால், குழாய், நான் பற்றவைத்த இடம் கரணையாகத் தெரிகிறது, நல்ல பற்று, இன்னும் விடவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிடலாம். எழுபது பேருக்குச் சமைக்கிற அண்டா ஒன்று உள்ளே காலியாகக் கவிழ்த்திருக்கிறது. எதை நினைக்கிறேன். கால்சட்டைப் பையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் தொடையை இடிக்கிறது, ஷிப்ட் முடிந்து நேராக வந்தேன். என் கை அதை எடுக்கிறது. குனிகிறேன். குழாயில், பற்றவைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்று. இரண்டு. மூன்று.

இரும்பு வழியாகப் போய்ச் சேர்ந்தது. முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே சட்டம், எல்லோரும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போன்கள் விழுகின்றன, மடியிலிருந்தும் கையிலிருந்தும் சிமெண்ட் தரையில் படபடவென்று, எவருடையதோ கண்ணாடி நொறுங்குகிறது, யாரும் குனிந்து எடுக்கவில்லை. எல்லாக் கையும் மேலே. சந்தோஷின் இரண்டு கையும் மேலே, பொன்னுசாமியின் கை, பிரியாணி சொன்ன அம்மாளின் வளையல் கை, விரல்களை விரித்து, கேண்டீன் முழுக்கக் கைகள். அந்தக் கைகளில் ஒன்றுக்கு விரல் குறைகிறது. முதல் வரிசை, வெள்ளைத் துணிச் சுற்றோடு, மற்றவர்களுக்கு முன்னால் அதுதான் மேலே போனது. திரையில் ஒன்பது. அதற்கு மேல் ஏறவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, பஸ்ஸில் சிரிப்பார்களே அந்தச் சிரிப்பு இல்லை. "யாரு தட்டுனது? என்னண்ணா இது, கையை இறக்குங்க எல்லாரும்," என்கிறார் லோகநாதன். யாரும் இறக்கவில்லை. "ஏங்க, கையை இறக்கச் சொல்றனல்லோ. போனை எடுங்க." அவர் சொன்னது அவர்கள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. நிரஞ்சன் மேடையில் ஏறி, இறங்கி, என் பக்கம் திரும்பி மைக்கை மறுபடி நீட்டுகிறான், "ஐயா, என்ன சொல்ல வர்றீங்க, மைக்ல சொல்லுங்க." ராதாமணி திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். தூக்கிய கை வலிக்கும், வலித்தாலும் இறக்க மாட்டாள், நான்காவது விழாமல் இறக்க மாட்டாள். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஸ்பேனர் என் கையில் இருக்கிறது. நான் நிமிர்ந்து நின்று முதல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கை, கைக்குக் கீழே முகம். கை, முகம். அவசரமில்லை. பஸ் ஐந்து மணிக்கு. நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.